கிறிஸ்தவமண்டலத்தில் விடுபட்ட வரி

பொறையாறில் நான் டிடிபி சென்டர் திறந்த முதல் நாள் ஒரே ஒருவர்தான் வந்தார். தரங்கம்பாடியில் சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு நோட்டுக் கட்டு. கிறிஸ்தவச் சொற்களின் பொருளும் பிறப்பும் சொல்லும், அவரே எழுதிய சின்னப் புத்தகம். நான் முஸ்லிம் வீட்டுப் பெண், அந்தச் சொற்களெல்லாம் எனக்குப் புதுசு.

சாருக்கு மனைவி இல்லை, மகன் கனடாவில். என் வீட்டுக்காரர் சவூதியில். பகல் முழுக்கப் பேச ஆளில்லாமல் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருப்பது என்ன கொடுமை என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

ப்ரூஃப் பார்க்க வருவார். ஒரு டீ, அரை மணி நேரப் பேச்சு. 'கிறிஸ்தவமண்டலம்' என்ற சொல்லில் மட்டும் ஒரு வாரம் நின்றார்.

"கிறிஸ்தவங்க இருக்குற நாடுங்களா சார்?" என்றேன்.

"இப்ப அப்படித்தாம்மா. சோழமண்டலம் மாதிரி எல்லை வச்சுச் சொல்றோம். ஆனா இங்கிலீஷ்ல 'கிறிஸ்டண்டம்'னு அந்தச் சொல் பொறந்தப்ப அதுல நாடே கிடையாது. ஒரு ஆள் கிறிஸ்தவனா இருக்குற நிலை, அவ்வளவுதான். மண்ணு பின்னால ஒட்டிக்கிச்சு."

"அப்ப ஒத்த ஆளு எங்கயோ தனியாக் கெடந்தாலும் அது உண்டா?"

"அதான்! அந்த வரிய மட்டும் விட்டுடாத. அதுக்காகத்தான் இந்தப் புஸ்தகமே."

திருத்தங்கள் குறைந்துகொண்டே வந்தன. வேலை முடிந்தால் மனுஷர் எதற்கு வரப்போகிறார்? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: ஒவ்வொரு ப்ரூஃபிலும் வேண்டுமென்றே ஒரு பிழை விட்டேன். அவரும் வந்து திருத்தினார்.

கடைசியாக, அச்சகத்தில் பிளேட் போடுவதற்கான பட்டர் ஷீட் எடுத்தபோது அந்த வரியையே தூக்கிவிட்டு, ஷீட்டை அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். அதைக் காணாவிட்டால் மறுநாளே ஓடி வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. மகன் திடீரென்று வந்து அவரைக் கனடாவுக்கு அழைத்துப் போய்விட்டார். கிளம்பிய அவசரத்தில் சார் படித்துப் பார்க்காமலே கும்பகோணம் அச்சகத்துக்கு அனுப்பிவிட்டார். "அந்தப் பொண்ணு போட்டா சரியாத்தான் இருக்கும்" என்று அச்சகத்தாரிடம் சொன்னாராம். சார் ஊரில் இல்லாததால் இருநூறு பிரதியும் கட்டாக என் கடையில் வந்து இறங்கின.

அழுதேன். பிறகு கறுப்புப் பேனா எடுத்து, இருநூறிலும் அந்தப் பக்கத்து ஓரத்தில் கையால் எழுதினேன்: 'ஆதியில் இச்சொல் எந்த நிலத்தையும் குறிக்கவில்லை, ஒருவர் கிறிஸ்தவராய் இருக்கும் நிலையையே குறித்தது.' பதினோரு நாள் பிடித்தது. ஒரு பிரதியைக் கனடாவுக்கு அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்து போன் வந்தது.

"நல்லா இருக்கியாம்மா? கையெழுத்து அழகா இருக்கு. ஆனா அடுத்த பக்கத்துல ஒரு பிழை கெடக்கே, அதுவும் எனக்காக விட்டதா?"

"தெரியுமா சார்?"

"முப்பது வருஷம் பேப்பர் திருத்துனவன்மா. கடைசிலயும் நீ விடுவேன்னுதான் நெனைக்கல. நானும் அங்க வர சாக்குதான் தேடிட்டு இருந்தேன். இங்க வெளிய பூரா பனி, பேச ஆளில்ல. இந்தப் பிழையத் திருத்த எப்படி வர்றது, சொல்லு?"

டிடிபி கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். தெரிந்த பிழையோடு ப்ரூஃப் அனுப்பாதீர்கள். ஆள் வரவேண்டும் என்றால், "சும்மா வாங்க, டீ சாப்பிடலாம்" என்று வாய் திறந்து கூப்பிடுங்கள். நான் ஒரு நாளும் கூப்பிடவில்லை.