வெயிலில் காய்ந்த அட்டைகள்

ஹில்டா டீச்சருக்கு ராயபுரத்தில் இரண்டு பெயர். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், தெருவில் ‘மிஷின் டீச்சர்’. 1974 கோடை விடுமுறையில் கிண்டிப் பக்கம் ஒரு நிலையத்தில் ஆறு வாரம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து, கம்ப்யூட்டரே இல்லாத பள்ளியில் அந்தப் பாடத்தை ஆரம்பித்தார். கரும்பலகைதான் மிஷின். ஒரு பெண் எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்வாள், இன்னொருத்தி கூட்டுவாள். ஊர் சிரித்தது. அந்தச் சிரிப்பு டீச்சருக்கு நெஞ்சில் முள்ளாகவே இருந்தது.

பதினோராம் வகுப்பு வரலட்சுமிக்கு மட்டும் பாடம் கற்பூரமாகப் பற்றிக்கொண்டது. காசிமேட்டில் கருவாடு போடுகிறவளின் மகள். அவள் எழுதிய புரோகிராமை நிலையத்தில் நாற்பது அட்டைகளில் துளையிட்டுக் கொடுத்தார்கள். அந்தத் துளைகளைத்தான் மிஷின் படிக்கும். டிசம்பரில் ஒருநாள் பத்து நிமிஷம் மிஷின் கிடைக்கும். புரோகிராம் தப்பில்லாமல் ஓடிவிட்டால் அந்தப் பெண்ணுக்கு அங்கேயே வேலை என்று அதிகாரி சங்கரநாராயணன் சொல்லியிருந்தார். ஓடாவிட்டால் கருவாட்டுக் களம்தான், வேறென்ன!

அந்த வாரம் பார்த்து விடாத மழை. டீச்சர் வீட்டு அலமாரியில் அட்டைகள் நமுத்துப்போயின. நமுத்த அட்டை மிஷினில் போகாது. மிஷின் கிடைக்கும் நாளுக்கு முந்தின நாள் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்ததும் அட்டைக் கட்டை வரலட்சுமியிடம் திணித்தார்.

“நல்லா காயவெச்சு எடுத்துனு வா. உங்க வூட்டு வேலதான இது.”

“வெயில்லயா டீச்சர்? கருவாடு மாரி வளைஞ்சிக்காது?”

“சொன்னத செய்டி. எனக்கு கத்துக்குடுக்காத.”

அவள் பாய் விரித்து, வரிசை மாறாமல் பரப்பி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக் காயவைத்தாள். வளைந்ததை அம்மிக்கல்லை வைத்து அமுக்கிப் பார்த்தாள். மறுநாள் மிஷின் மூன்று அட்டையை விழுங்கியது. நாலாவது சிக்கிக் கசங்கிக் கிழிந்தது. பின்னால் வந்தவையெல்லாம் அதன்மேல் மோதி நின்றன. சிக்கியதைப் பிடுங்கி எடுப்பதற்குள் பத்து நிமிஷமும் போய்விட்டது.

“யார் இதை வெயில்ல வெச்சது?” என்றார் சங்கரநாராயணன்.

வரலட்சுமி டீச்சரைப் பார்த்தாள். ‘நான்தான் சார் வைக்கச் சொன்னேன்’ என்று டீச்சர் சொன்னால் போதும். அதற்குக்கூட அந்தப் புண்ணியவதிக்கு வாய் வரவில்லை.

“என்ன சார் பண்றது? மீன் காயவைக்கிற ஜனங்க. அட்டையையும் களத்துல போட்டுட்டா.”

அதிகாரி சிரித்துவிட்டார். வரலட்சுமி குனிந்து கிழிசல்களைப் பொறுக்கினாள். திரும்பும் பஸ்ஸில் ஒரே ஒரு தடவை கேட்டாள்: “நீங்கதான டீச்சர் சொன்னீங்கோ?”

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை.

அடுத்த வருஷம் புது வகுப்பு. டீச்சர் கரும்பலகையில் முதல் வரியாக எழுதினார்: அட்டைகளை வெயிலில் காயவைக்கக் கூடாது.

“யாராச்சும் வெயில்ல வெப்பாங்களா டீச்சர்?” என்றாள் டோரதி.

“ஒருத்தி வெச்சாளே, கருவாடுன்னு நெனச்சிகினு!”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சரும் சிரித்தார். கடைசி பெஞ்சில் வரலட்சுமியின் தங்கை பட்டம்மாள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு அந்த வரியைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.