போட்டிப் பார்ட்டி

விரலை மடக்கிச் சுவரில் இரண்டு தட்டுத் தட்டி, காதை அருகில் கொண்டுபோய்க் கேட்டுவிட்டுத்தான் அவர் அடுத்த அறைக்குப் போவார். வீடு பார்க்க வந்தவர்களும் தங்களை அறியாமல் பேச்சை நிறுத்திவிட்டு நிற்பார்கள். சுவர் என்ன சொல்லிற்று என்று அவர்களுக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது என்பதுதான் நிஜம். ஆனால் நிமிர்ந்து, "எலும்பு நல்ல எலும்புங்க. மத்ததெல்லாம் பெயின்ட்டு சமாச்சாரம்" என்று அவர் சொல்லும்போது கேட்கிறவர்களுக்கு ஒரு தெம்பு வரும்.

எலும்பைப் பற்றிப் பேச அவருக்கு உரிமை உண்டு. ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மூச்சை நல்லா இழுங்க... பிடிங்க... விடலாம்" என்று முன்பின் தெரியாத மனிதர்களின் மூச்சைப் பிடித்து விட்டுக்கொண்டிருப்பவர். ஒரு தடவை படம் எடுக்கிற நேரத்தில் வீடு கேட்டு யாரோ போன் செய்துவிட்டார்கள். "பிடிங்க" என்று சொன்னவர் "விடலாம்" சொல்ல மறந்து போனோடு வெளியே போய்விட்டார். உள்ளே ஒரு பெரியவர், சொன்ன சொல் தட்டாதவர், முகம் சிவக்க நின்றுகொண்டிருந்தார். அன்று மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை அவர் வீட்டில் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் அவருக்கு 'புரோக்கர்' என்று பெயர். வீட்டுத் தரகர்கள் கூடும் டீக்கடையில் 'எக்ஸ்ரே' என்று பெயர். இரண்டு இடத்திலும் அவர் அந்த இடத்து ஆள் இல்லை என்று அர்த்தம். "ஏஜென்ட்டுன்னு சொல்லுங்களேன், வாய் என்ன வலிக்குதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார், யாரும் மாற்றிக்கொள்ளவில்லை. மதியம் மற்றவர்கள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும்போது இவர் மாடிப்படிக்கு அடியில் நின்று, ஒரு கையில் டிபன் பாக்ஸும் ஒரு கையில் போனுமாகப் பேசிக்கொண்டிருப்பார். ஆரம்பத்தில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள்.

வேலை முடிந்த சாயங்காலங்களில் அவரை ஏதாவதொரு காலி வீட்டில் பார்க்கலாம். காலி வீட்டில் பல்பு இருக்காது என்பதால் கைக்குட்டையில் சுற்றி ஒரு பல்பு கொண்டுபோவார். அதை மாட்டிவிட்டு, குழாய்களைத் திறந்து துருத்தண்ணீரை ஓடவிட்டு, வருகிறேன் என்று சொன்ன ஆட்களுக்காக வெறுந்தரையில் உட்கார்ந்திருப்பார். பாதிப் பேர் வரமாட்டார்கள். இருமினால் இருமல் நாலு சுவரிலும் பட்டுத் திரும்பி வரும். அப்போது வீட்டுக்குப் போன் செய்வார். "சாப்பிட்டீங்களா?" என்பார். "ஆச்சு" என்பாள் மனைவி.  பல்பைக் கழற்றிச் சூடு ஆறும்வரை கையில் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

பேராசையால் இந்தத் தொழிலில் இறங்கினார் என்று சொல்லிவிட முடியாது. குடியிருப்பது வாடகைக்கு எடுத்த இரண்டு அறை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் ஜன்னலோரமாக ஒரு மேஜை கேட்டாள். இருக்கிற ஒரே ஜன்னலோ பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துத் திறக்கிறது. அந்த மேஜைக்காகத்தான் ஆரம்பித்தார். வாடகை வீடு பிடித்துக் கொடுப்பதில் பெட்ரோலும் போனும் போக மிஞ்சுவது பெருமூச்சுதான். ஒரு வீட்டை விற்றுக் கொடுத்தால்தான் தலை நிமிர முடியும். "ஒண்ணே ஒண்ணு கைமாறட்டும். அப்புறம் ஞாயித்துக்கிழமை பூரா உங்களோடதான்" என்பது அவர் வீட்டில் அடிக்கடி சொல்லும் வசனம். மகள் அதை அப்பா குரலிலேயே சொல்லிக் காட்டுவாள். முதல் வீடு விற்கிற அன்றைக்கே மூன்று பேரும் கடற்கரைக்குப் போவதாகப் பேச்சு.

மனைவி வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறவள். சத்தம் போடுகிற ரகம் இல்லை. மெஷினை மிதிக்கிற வேகத்தை வைத்துத்தான் அவள் கோபத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகூட உங்களைக் கண்ணால் பார்க்க முடியவில்லையே என்று ஒருநாள் அவளே வாய் திறந்து கேட்டுவிட்டாள். சரி, நீங்களும் வாங்க என்று இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனார். அன்று வாடகைக்கு வீடு பார்க்க வந்திருந்த பார்ட்டி, அதாவது வாடிக்கையாளர், யாருக்கும் பிடி கொடுக்காமல் நழுவுகிறவர். சமையலறையில் அலமாரியைத் திறந்து மூடிக்கொண்டிருந்த தாயையும் மகளையும் பார்த்ததும் இவர் காதருகே வந்து, "அவங்களும் பாக்க வந்திருக்காங்களா?" என்று கேட்டார். இவர் வாய் திறந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை. லேசாகச் சிரித்தார், அவ்வளவுதான். நின்ற இடத்திலேயே அட்வான்ஸ் கைக்கு வந்தது.

அன்றிலிருந்து மனைவியும் மகளும் போட்டிப் பார்ட்டி ஆனார்கள். தொழிலும் ஆயிற்று, குடும்பத்தோடு வெளியே போன மாதிரியும் ஆயிற்று என்று அவருக்குத் தன் மூளையை நினைத்தே பெருமை. தெருமுனையில் இருவரையும் இறக்கிவிட்டு ஸ்கூட்டரில் முன்னால் போய்விடுவார். அவர்கள் பின்னால் நடந்து வர வேண்டும். மனைவிக்கு அவர் 'சார்'. மகளுக்கு 'அங்கிள்'. "சிரிச்சிடாதடா கண்ணு" என்று ஆரம்பத்தில் மகளிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. இப்போது அவள் சிரிப்பதே இல்லை. ஒருநாள் வீட்டில் சாப்பிடும்போது, "தண்ணி குடுங்க அங்கிள்" என்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, தான் சொன்னதைக் கவனிக்காமலே எழுந்துபோனாள்.

உங்கள் வீட்டுக்காரர் எங்கே என்று மனைவியிடம் யாராவது கேட்டால் வெளியூர் போயிருக்கிறார் என்று மட்டும் சொல்லச் சொல்லியிருந்தார். மனைவி அதோடு நிற்கவில்லை. போகப் போக அந்த வெளியூர்க் கணவருக்குக் கை கால் முளைத்தது. "அவருக்குக் காலையில வெயில் உள்ள வரணுங்க. நானும் அவரும் அங்க உக்காந்துதான் டீ குடிப்போம்" என்பாள். பாப்பாவுக்குக் கணக்குச் சொல்லித் தருவது அவர்தானாம். துணி காயப்போடுவதும் அவர்தானாம். சுவரைத் தட்டுகிற சாக்கில் பக்கத்து அறையில் நின்று இதையெல்லாம் கேட்ட எக்ஸ்ரேக்காரருக்கு, சத்தியமாக, அந்த ஆள்மேல் பொறாமை வந்தது. திரும்பி வரும் வழியில் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே, "யாரும்மா அந்த மகராசன்?" என்று கேட்டார். நல்லா நடிக்கணும்னு நீங்கதான சொன்னீங்க என்று பின்னாலிருந்து பதில் வந்தது. 

போன ஞாயிற்றுக்கிழமை காட்டியது விற்பனைக்கு வந்த வீடு. வாங்க வந்தவர் ஒரு பள்ளிக்கூட டீச்சரம்மா. கணவரோடு காரில் வந்து நாலைந்து தடவை பார்த்தாயிற்று, இன்னும் மனசு நிலைப்படவில்லை. எக்ஸ்ரேக்காரர் சமையலறை வாசலில் நின்று சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார். உள்ளே டீச்சரம்மா அவர் மனைவியிடம் பேச்சுக் கொடுத்தார்.

"உங்க வீட்டுக்காரர் வந்து பாக்கலையாம்மா?"

வெளியூர்க் கணவர் இதோ வந்துவிடுவார் என்று இவர் எதிர்பார்த்தார். அவர் வரவில்லை.

"அவருக்கு நேரமில்லைங்க. நானும் பாப்பாவும்தான் எல்லாத்தையும் பாத்துக்கறது."

"வெளிநாட்டுல இருக்காரா?"

"இல்லைங்க. எங்க கூடத்தான் இருக்காரு."

அவள் குரலில் அழுகை இல்லை. குத்தல்கூட இல்லை. குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அதுதான் அவருக்கு வலித்தது. அவள் முன்னால் போய் நின்று ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் அவர் அவளுக்கு யாருமில்லையே. அதற்குள் டீச்சரம்மா இவர் பக்கம் திரும்பி, "இந்த மாதிரி ஆம்பளைங்கள என்ன சார் பண்றது?" என்று கேட்டார்.

"கஷ்டந்தாங்க மேடம்" என்றார் அவர். சிரிக்கவும் செய்தார். மனைவி ஜன்னல் கம்பியில் படிந்திருந்த தூசியை விரலால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்கிறவர்களைக் கண்டு டீச்சரம்மாவுக்குப் பயமில்லை. ஆனால் தானே முடிவெடுத்துப் பழகிய இவள் இன்றைக்கே வீட்டை முடித்துவிடுவாள் என்று தோன்றியிருக்க வேண்டும். கணவரைத் தனியே அழைத்துக் குசுகுசுவென்று பேசிவிட்டு வந்து, "முடிச்சிரலாம் சார்" என்று டோக்கன் அட்வான்ஸை நீட்டினார். இத்தனை காலம் காத்திருந்த செய்தி வந்துவிட்டது. அதைச் சொல்ல வேண்டிய இரண்டு பேரும் கையெட்டும் தூரத்தில் நிற்கிறார்கள்; சொல்ல வழியில்லை. ஆசைப்பட்ட வீடு கைநழுவிப்போன முகத்தோடு மனைவி நின்றாள். அது நடிப்புதானா என்று அவருக்குப் பிடிபடவில்லை. மகளைப் பார்த்து யாருக்கும் தெரியாமல் கண்ணைச் சிமிட்டினார். சொல்லிக்கொடுத்திருந்தபடி அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

டீச்சரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "உங்க வீட்ட நாங்க பறிச்சுக்கிட்டோம்னு நெனச்சுக்காதீங்கம்மா" என்று மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த வெயிலில் குழந்தையை நடத்திக் கூட்டிப்போக வேண்டாம், வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுகிறோம் என்றார். இப்படி யாராவது அழைத்தால் பக்கத்தில் சொந்தக்காரர் வீடு இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். அதற்கும் அவர் வசனம் எழுதிக் கொடுத்திருந்தார். மனைவி அதைச் சொல்லவில்லை. இவர் முகத்தைப் பார்த்தாள். நிதானமாக, காத்திருந்து பார்த்தாள். இவ என் வீட்டுக்காரிங்க, நான் கூட்டிட்டுப் போறேன் என்று ஒரு வார்த்தை போதும். சொன்னால் வீடு போய்விடும்.

"தாராளமா போங்கம்மா" என்றார் அவர். "நல்ல மனுஷங்க."

"சரிங்க சார்" என்றாள் அவள்.

கார் கிளம்பி வாசலைத் தாண்டும்போது கண்ணாடிகள் இறங்கின. நாளைக்குப் பேசலாம் என்று முன்னாலிருந்து டீச்சரம்மா சொன்னார். பின் இருக்கையில் மனைவி நேராகப் பார்த்தபடி இருந்தாள். மகள் மட்டும் இவரையே பார்த்தாள். அவளுக்கு டாட்டா காட்ட அவர் கை பாதி உயர்ந்தது. டீச்சரம்மா கவனித்துக்கொண்டிருந்தார். உயர்ந்த கையோடு மற்றக் கையையும் சேர்த்து, தன் மனைவிக்கும் மகளுக்கும் ஒரு கும்பிடு போட்டார்.