சக்கரத்தில் சிக்கிய சாவு

ஒப்துலியாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். குடித்துவிட்டு அடித்த புருஷனின் முழங்காலை, ஒருநாள் சக்கரம் கழற்றும் இரும்பாலேயே உடைத்தாள். அவன் நொண்டிக்கொண்டே எக்கத்தேபெக் ஊரை விட்டு ஓடினான். அவன் விட்டுப்போன உருப்படியான பொருள் காற்றடிக்கும் கம்ப்ரசர் ஒன்றுதான். அதை வைத்துப் பன்னிரண்டு வருஷமாக வீட்டு முற்றத்தில் கார் சக்கரங்களுக்குப் பெயின்ட் அடித்துப் பிழைக்கிறாள். என் மகளுக்கு ஞானத்தாய் அவள். பக்கத்து வீட்டில் சோள மாவில் தமாலே அவித்து விற்கும் நான், வியாபாரம் முடிந்ததும் போய்க் கூடமாட வேலை செய்வேன்.

நடைபாதைக் கல்லில் உரசிப் பல்லிளிக்கும் ரிம் எதுவானாலும் சரி, உப்புத்தாளால் தேய்த்து, பள்ளத்தில் பட்டி பூசி, வெள்ளி நிறம் மூன்று தடவை அடிப்பாள். டயரில் பெயின்ட் படக்கூடாதே என்று மற்றவர்கள் காகிதம் ஒட்டுவார்கள். இவள் லோத்தேரியா சீட்டுகளைச் செருகுவாள். சேவல், நிலா, குடிகாரன், சாவு என்று படம் போட்ட விளையாட்டுச் சீட்டுகள் அவை. ரிம்முக்கும் டயருக்கும் நடுவே உள்ளும் புறமும் வட்டமாகச் செருகி, காய்ந்ததும் உருவி, ஐம்பத்து நான்கும் இருக்கிறதா என்று எண்ணிப் பெட்டியில் வைப்பாள்.

பேட்டை ரவுடி மாபாச்சே தன் காரின் நான்கு சக்கரங்களையும் கொண்டுவந்து போட்டபோது முடியாது என்று சொல்ல யாருக்குத் துணிச்சல்? சந்தையில் மாமூல் தர மறுத்த கறிக்கடைக்காரரை அவருடைய கொக்கியிலேயே தொங்கவிட்டவன் அவன். கழுத்தில் எப்போதும் எலும்புக்கூட்டு உருவம் தொங்கும். அவன் கும்பிடும் சாவு மாதா அது.

சக்கரங்களைத் திருப்பி வாங்க வந்த மாபாச்சே, இன்னும் காயவில்லையா என்று கத்தி, ஒப்துலியாவின் நாயை எட்டி உதைத்தான். அவள் நாயை அள்ளிக்கொண்டு அவனோடு சண்டைக்குப் போனாள். அன்று சீட்டுகளை உருவியது நான். அவசரத்தில் எண்ணவே இல்லை. எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கும் ருத்திலியோ, அங்கே முட்டுக்கொடுத்து நின்ற காரில் சக்கரங்களை மாட்டி அனுப்பினான்.

அடுத்த ஞாயிறு நண்பகல், கார் கழுவும்போது சக்கரத்தின் உட்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருப்பது தெரிந்திருக்கிறது. சாவுச் சீட்டு. ருத்திலியோவின் மச்சான் எதிர்க் கோஷ்டியில் இருப்பவன் வேறு. மாபாச்சேவுக்கு அது போதும். ருத்திலியோவைத் தலைமுடியைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்து இரும்புக் குழாயால் அடித்தான்.

"எனக்கே சாவு ஓலை அனுப்புறியா? என் மாதாவச் சேத்துல உருட்டி விடுறியா?"

ருத்திலியோவின் காது கிழிந்து தொங்கியது. பல்லைத் துப்பினான், பிறகு துப்பவும் முடியாமல் கிடந்தான். இன்னும் நாலு அடி விழுந்தால் ஆள் காலி. நான் என் கேட்டுக்குப் பின்னால் நின்றேன். சொல்ல வேண்டியவள் நான்தான். வாய் திறக்கவில்லை. கோழை நான், வேறென்ன சொல்ல?

ஒப்துலியா சீட்டுப் பெட்டியோடு தெருவில் இறங்கினாள்.

"அது என் சீட்டுடா. பெயின்ட் அடிக்கச் செருகுனது. எடுக்க மறந்துட்டேன்."

"அத்தனை சீட்டுல சாவு மட்டுமா மறந்துச்சு, ஒப்துலியாம்மா?"

"குடிகாரன் சீட்டு சிக்கியிருந்தா உங்கப்பன் படம்னு நெனச்சு வீட்ல மாட்டியிருப்ப."

கூட்டத்தில் யாரோ சிரித்து, உடனே வாயை மூடிக்கொண்டார்கள். அவள் சீட்டுகளை அவன் கார் பானெட்டின் மேல் பரப்பினாள். எல்லாவற்றிலும் ஓரத்தில் வெள்ளி படிந்திருந்தது. அவன் கையிலிருந்ததிலும் அதே வெள்ளி. ஒவ்வொன்றாக எண்ணினான். ஐம்பத்து மூன்று. ருத்திலியோவின் மேலிருந்து காலை எடுத்தான்.

"எந்தக் கை மறந்துச்சு?"

அவள் வலது கையை நீட்டினாள். நடைபாதைக் கல்லில் வைக்கச் சொல்லி இரண்டே அடி. எலும்பு நொறுங்கும் சத்தம் என் வீட்டு வாசல் வரை கேட்டது. அவள் அழவில்லை. அவனைப் பெற்றவளை இழுத்து வைது தீர்த்தாள்.

ருத்திலியோ பிழைத்துக்கொண்டான். ஆஸ்பத்திரி வரிசையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அன்று சீட்டு எடுத்தது நான் என்று அழுதபடி சொன்னேன்.

"தெரியும்டி. நீ கேட்டுக்குப் பின்னாடி நின்னதும் தெரியும்."

இடது கையால் ஓங்கி ஓர் அறை விட்டாள். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மறு கன்னத்தையும் காட்டினேன். அவளுக்குத்தான் தெம்பு இல்லை.