சாதிக் கட்டிய வண்டியின் ஒயரிங்

இன்று கும்பகோணத்தில் என் பட்டறைக்கு நண்பன் சாதிக்கின் மனைவி வந்திருந்தார்.

பழைய ஜீப்பைப் பிரித்து, தன் இஷ்டப்படி புது வண்டியாகக் கட்டிக்கொண்டிருந்தான் சாதிக். அதைப் பாதியில் விட்டுத் துபாய் போனவன், போன கோடையில் அங்கே கட்டட வேலையின்போது வெயில் தாங்காமல் விழுந்து இறந்துபோனான். மீதி ஒயரிங்கை அவன் மனைவிதான் முடித்துத் தரச் சொன்னார்.

“சைலன்சர் சூடு படாம ஒயரைத் தள்ளிக் கொண்டுபோயிருக்கேம்மா. மேல உறையும் போட்டாச்சு. உருகாது.”

அவர் உறையைத் தடவிப் பார்த்தார்.

“இந்த ஒயருக்கு நீங்க யோசிச்ச அளவுக்குக்கூட அவருக்கு அங்க யாரும் யோசிக்கலையேண்ணே.”

ஹெட்லைட்டைப் போட்டுக் காட்டினேன். அழுதார்.

பிறகு, “இனிமே நான்தான் ஓட்டணும். கத்துக்குடுப்பீங்களா?” என்றார்.

எனக்கு ஒயர் இழுக்க மட்டும்தான் தெரியும். பொறுமையாகக் கற்றுத்தருபவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.