எஞ்சின் போன வள்ளம்

லாரி கிளீனராக ஊர் சுற்றிய நான், அண்ணன் இறந்ததால் புன்னைக்காயலுக்குத் திரும்பினேன். பிள்ளையில்லாத அண்ணன் விட்டுப்போனது ஒரு பழைய மர வள்ளம். அதை வாடகைக்கு விட்டுப் பிழைக்க நினைத்தாள் மதினி. என் தம்பியோ பாதிப் பங்கு கேட்டான்.

பங்கு பிரிக்க வள்ளத்தை விலை மதிக்க வருபவருக்கு முன்பணம் தர வழியில்லாமல், மதினி வள்ளத்தின் எஞ்சினை விற்றாள். நான்தான் சுமந்துபோய்க் கொடுத்தேன்.

விலை மதிக்க வந்தவர் வள்ளத்தைச் சுற்றிப் பார்த்தார். "எஞ்சின் எங்கம்மா?"

"ஒங்களுக்குத் தந்த துட்டுதான் அண்ணாச்சி, அது."

அவர் முகம் வாடியது. "எஞ்சின் இல்லாம விறகு வெலதான் போட முடியும், தாயி."

"அந்த விறகுலயும் பாதி எனக்குத்தான்" என்றான் தம்பி.

மறுநாள் அந்த எஞ்சின் வேறொருவர் வள்ளத்தில் கடலுக்குப் போனது. சத்தத்தை வைத்தே மதினி கண்டுகொண்டாள்.

"ஒங்க அண்ணன் போறாவ, கேக்குதா?" என்றாள்.