பூதத்தான் கட்டைவிரல்

காலையில் காபியை வாயில் வைத்தால் நறநற என்றது. பக்கத்து மனையில் அடுக்குமாடி எழும்புகிறது. லாரி வந்து ஜல்லி கொட்டிவிட்டுப் போன புழுதி ஜன்னல் வழியாக வந்து டம்ளரில் இறங்கியிருக்கிறது. துடியலூரில் இப்போது யார் வீட்டுக் காபிக்கும் இந்த ருசிதான். தூ என்று துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தேன். எதிரே மகள் ஜப்பான் பாஷைப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். வேலைக்கு ஆகுமாம்.

"அப்பா, ஜப்பான்ல ஒரு ராட்சசன் இருந்தானாமா. மண்ண அள்ளி அள்ளிக் கொட்டி அங்கத்த பெரிய மலையையே கட்டுனானாமா. அள்ளுன குழி ஏரியாயிருச்சு. அவன் கால் வெச்ச எடமெல்லாம் கொளம்" என்றாள்.

பேர் என்ன என்று கேட்டேன். டைடராபோட்சி. மூன்று முறை சொல்லிப் பார்த்தேன், நாக்கு சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம்.

அவளிடம் இன்னும் நிறைய இருந்தது. சீனாவில் ஒருவன் செத்து விழுந்தபின் அவன் உடம்பே மலைகளாகிவிட்டதாம். வடக்கே பனிதேசத்தில் ஒருவனை வெட்டிப்போட்டு அவன் ரத்தத்தைக் கடலாக்கினார்களாம். அயர்லாந்தில் ஒருவன் கடலில் கல்லடுக்கிப் பாதை போட்டானாம். எந்தத் தேசத்துக் கதையானாலும் முதலில் பெரிய ஆட்கள் வந்து மலையும் தண்ணீரும் செய்து வைத்தார்கள், பிறகு நாம் வந்தோம். நாம் வந்து என்ன கிழித்தோம் என்பது அவள் பாடத்தில் இல்லை. எனக்குத் தெரியும், சொல்கிறேன். சொல்லும்போது வாயில் வசவு வந்துவிடும், நீங்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர் கோபிசெட்டிபாளையம். வாய்க்கால் தண்ணீர், நெல், வாழை. குளிக்கப் போனால் இடுப்பளவு தண்ணீரில் குளித்துவிட்டு வருகிற ஊர். அங்கே வளர்ந்த என் அக்காவைத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெரியநாயக்கன்பாளையத்துக்குக் கிழக்கே ஒரு மேட்டாங்காட்டு ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். வானம் பார்த்த பூமி. கண்ணுக்கெட்டிய தூரம் சோளத்தட்டும் வேலாமரமும். ஆனால் மாமாவின் தோட்டத்துக்கு மட்டும் ஒரு கிணறு இருந்தது, கோடையிலும் வற்றாத கிணறு. அதை நம்பித்தான் எங்கள் அப்பா பெண்ணைக் கொடுத்தார். மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் கிணற்றை எட்டிப் பார்த்தவர் அவர்.

கிணறு வற்றாததற்குக் காரணம் தோட்டத்துக்கு மேற்கே, வரப்பை ஒட்டி நின்ற கரடு. மலை என்று சொன்னால் மலைகள் கோபித்துக்கொள்ளும். ஒரே மொட்டைப் பாறை, இடுக்கில் கள்ளி, உச்சியில் ஒரு சுனை. பூதத்தான் கரடு என்று பேர். பூதத்தான் என்ற ராட்சசன் மேற்கே பெரிய மலை கட்டுவதற்குக் கூடையில் கல்லும் மண்ணும் சுமந்துகொண்டு போனானாம். அந்த ஊருக்கு வந்ததும் கூடையின் அடி பிய்ந்து எல்லாம் கொட்டிப்போனது. அதுதான் கரடு. கோபத்தில் அதன் மேல் ஏறி ஓங்கி மிதித்தான். அந்த மிதி பதிந்த இடம்தான் சுனை. ஊருக்கு அந்தப் பாதம்தான் சாமி. நிஜமாகவே பாதம் போலத்தான் இருக்கும். குதிகால் ஆழம், விரல் பக்கம் மேடு, கட்டைவிரல் தனியாகத் தெரியும்.

இதில் ஒரு வழக்கம் உண்டு. கரட்டில் ஏறுகிற யாரும் வெறுங்கையோடு ஏறக் கூடாது. ஒரு கைப்பிடி மண் கொண்டுபோய் உச்சியில் போட வேண்டும். அவன் பாதியில் விட்ட வேலையை நாம் செய்கிறோம் என்று கணக்கு. புது மாப்பிள்ளை, பள்ளிக்கூட வாத்தியார், ஆடு மேய்க்கிறவர் எல்லோரும் போடுவார்கள். பேண்ட் போட்டுக்கொண்டு போன நான்கூடப் போட்டேன். மழை வந்து அந்த மண்ணைக் கீழே கொண்டுவந்து அக்காவின் தோட்டத்தில் சேர்த்துவிடும். அக்கா அதில் தக்காளி போட்டாள். வேறொரு சாமியாக இருந்தால் உண்டியல் வைத்திருப்பார்கள். இவன் மண்தான் கேட்டான். அதனால் எனக்கு அவனைப் பிடித்துப்போனது.

நான் அப்போது பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப்செட் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மோட்டாரைத் தொட்டியில் விட்டு எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது என்று பார்க்கிற வேலை. ஞாயிறுதோறும் அக்கா வீட்டுக்குப் போய் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு, அவள் மோட்டாரின் மேல் காதை வைத்து டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன். அக்கா சிரிப்பாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பாறையை ஜல்லியாக உடைத்து விற்கிற கிரஷர்காரர் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைக் கார், வாய் நிறையச் சர்க்கரை. உரத்துப் பேச மாட்டார். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். அக்கா கொடுத்த மோரைக் குடித்துவிட்டுச் சொம்பைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைக்கப் பார்த்தார். அக்கா பதறிப் பிடுங்கினாள்.

"ஏனுங்க மாப்ள, பக்கத்தூருக்காரன் மாரியம்மனுக்குக் கோபுரமே எழுப்பிப்போட்டான். நம்ம பூதத்தானுக்கு ஒரு கூரை உண்டுங்களா? வெயில்லயும் மழைலயும் நிக்கறாரு. நானே கட்டிக் குடுக்கறனுங்க. கல்லு மட்டும் கரட்டுல எடுத்துக்கறன்" என்றார் மாமாவிடம்.

"எம்புட்டுக் கல்லுங்க?" என்று கேட்டது அக்காதான்.

"கோயில் முடியற வரைக்குமுங்க அம்மணி. அதுக்கு மேல ஒரு கல்லத் தொட்டா ஏன்னு கேளுங்க."

ஊர்க்காரர்களுக்கு வெட்கம் வந்துவிட்டது. இத்தனை காலம் சாமியை வெயிலில் நிறுத்திவிட்டோமே! சரி, சாமியையே கேட்டுவிடலாம் என்று பூவாக்குக்கு நாள் குறித்தார்கள். எங்கள் பக்கத்தில் இது பெரிய கோர்ட்டு. வெள்ளை அரளியும் சிவப்பு அரளியும் தனித்தனி இலையில் மடித்துக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். அதன்பின் யாரும் மறுபேச்சுப் பேச முடியாது. எல்லோரும் மண்ணோடு கரட்டில் ஏறினோம். "உனக்குக் கோயில் வேணுங்களா சாமி?" என்று பூசாரி கேட்டார். வெள்ளை வந்தது. குலவை போட்டார்கள்.

கோயில் வேண்டுமா என்றுதான் கேட்டார்கள். உன் கரட்டை உடைத்துக் கட்டலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. வீடு வேண்டுமா என்று கேட்டால் யார்தான் வேண்டாம் என்பார்கள், சொல்லுங்கள். இத்தனை பெரிய மனிதர்கள் கூடி நின்று, கேட்க வேண்டிய ஒரே கேள்வியை விட்டுவிட்டு இறங்கி வந்தார்கள்.

கம்ப்ரசர் வண்டி வந்தது. குழி போட்டு வெடி வைத்தார்கள். கரட்டடியில் கிரஷர் நின்றது. கோயில் என்னவோ கடைக்கால் அளவிலேயே கிடந்தது. லாரி லாரியாக ஜல்லி மேட்டுப்பாளையம் ரோட்டுக்கு ஏறிப்போகும், கோயிலுக்கு ஒரு கூடை விழும். கேட்டால், "சாமி வேலைங்க, அவசரப்படக் கூடாதுங்க" என்று கும்பிடுவார். அந்தத் தந்திரம் எனக்குப் புரிய வெகுநாள் ஆயிற்று. கோயில் முடிகிற வரைக்கும் கல் எடுக்கலாம் என்றுதானே பேச்சு? கோயில் முடியாவிட்டால் போயிற்று. அட சண்டாளா! சாமியைக் காட்டியே சாமியைத் தின்கிற வித்தையை எங்கே படித்தாயோ.

அக்கா வீட்டில் தயிரை வாயில் வைத்தால் கல்தூள். துவைத்த துணி நரைத்து நிற்கும். தக்காளிச் செடியில் இலையைத் துடைத்தால்தான் பச்சை தெரியும். வெடி வெடிக்கும்போது மாடு கயிற்றை அறுக்கும். அந்தக் கந்தக நாற்றம் சட்டையோடு என் அறைவரைக்கும் வரும். இதையெல்லாம் அக்கா பொறுத்துக்கொண்டாள். சுனை இருக்கிற உச்சிப்பாறைக்குக் குழி போட ஆரம்பித்தபோதுதான் பூசாரி வீட்டு வாசலில் போய் நின்றாள். ஞாயிற்றுக்கிழமையானதால் நானும் கூடப் போனேன்.

"இன்னொருக்காப் பூக் கேளுங்க. பாதத்த ஒடைக்கலாமான்னு கேளுங்க. வெள்ள வந்தா நான் வாயத் தொறக்க மாட்டன்" என்றாள்.

பூசாரி நெளிந்தார். பக்கத்தில் கிரஷர்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். மரியாதை!

"சாமி ஒருக்கா வாக்குக் குடுத்தாச்சுங்க. மறுக்காக் கேட்டா, குடுத்த வாக்க நம்பலைன்னு ஆயிப்போகுமுங்க அம்மணி" என்றார் பூசாரி.

"அந்தச் சொனைத் தண்ணிதானுங்க என்ற கெணத்துக்கு ஊறுது. அது போனா எங்க பண்ணயமே போச்சுங்க."

"கெணத்துக்கென்னுங்க, நான் போரு போட்டுத் தாறன். தம்பி பம்ப்செட்டுல இருக்குது, மோட்டாரு மாட்டிக் குடுக்குமுங்க" என்று கிரஷர்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். எல்லோரும் சுனைத் தண்ணீர் குடித்தவர்கள். ஒருவர் தரையைப் பார்த்தார், ஒருவர் துண்டை உதறினார். கிரஷர்காரரே மரியாதைக்கு எழுந்து நிற்கும்போது எப்படி எதிர்த்துப் பேசுவது என்று அவர்களுக்குச் சங்கடம். அந்தச் சங்கடத்தை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. இவர்கள் மரியாதையாக "ங்க" போட்டே கரட்டைத் தூக்கிக் கொடுத்தவர்கள்.

பாதம் வெடித்துப் போனது. கிணறு அடுத்த கோடையில் வற்றியது. சொன்னபடி போர் போட்டுக் கொடுத்தார், கல்தூள் புகையாக வந்தது, தண்ணீர் வரவில்லை. பட்டறையிலேயே நல்ல மோட்டாராகப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போன நான், காற்றை இறைத்துக்கொண்டு நின்றேன்.

கரடு தீர்ந்த வருஷம்தான் கோயில் முடிந்தது. குடமுழுக்குக்குப் போனேன். சுவரெல்லாம் குளியலறை டைல்ஸ். உள்ளே சிமெண்டில் பூதத்தான், எனாமல் பெயிண்ட் அடித்த நீல உடம்பு, சுருட்டு மீசை, பளபளவென்று இளிப்பு. மலை சுமந்தவனைத் திருவிழாக் கடை பொம்மையாக்கி உட்கார வைத்திருந்தார்கள். அவன் காலடியில், கம்பிக்கூண்டுக்குள் ஒரு பாறைத் துண்டு. என்னவென்று குனிந்து பார்த்தேன். வெடியில் தப்பிய கட்டைவிரல்! அதற்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, பக்கத்தில் உண்டியல் வைத்திருந்தார்கள். சுனை நீர் என்று பிளாஸ்டிக் வாளியிலிருந்து ஒரு கரண்டி ஊற்றினார்கள். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர், மருந்து வாடை அடித்தது. கையில் வாங்கியதைக் குடிக்கவும் முடியாமல் கீழே விடவும் முடியாமல் வெளியே வந்து வேலியோரம் உதறினேன். அக்கா கோயிலுக்கு வரவே இல்லை.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா இப்போது உயிரோடு இல்லை. தோட்டம் தரிசு. கரடு இருந்த இடத்தில் பெரும் பள்ளம், அதில் கோழிக்கடைக் கழிவைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வீட்டுக்குள் போனேன். சாயங்காலம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். மேற்கே மறைக்க ஒன்றுமில்லாமல் வெயில் நேராக முகத்தில் அடித்தது. அக்கா நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டாள், அங்கேயும் அடித்தது. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

"இந்நேரத்துக்கெல்லாம் கரட்டு நெழலு மாட்டுச்சாளை வரைக்கும் வந்துருமுங் கண்ணு. நெழலு வந்தாத்தான் நான் பால் கறக்க எந்திரிப்பன்" என்றாள். அந்த மாட்டுக்கொட்டகை காலியாகக் கிடந்தது. முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டு, "தண்ணிய லாரில கொண்டாந்து ஊத்தறாங்க. நெழல எவன் கொண்டாந்து ஊத்துவான்?" என்று கேட்டாள்.