புளி தின்ற பெயர்

1966 ஜனவரி, ஒரு சனிக்கிழமை. பெருமாநல்லூருக்குப் போனது ஒரு பித்தளைத் தகட்டுக்காக.

என் ஆய்வு, சென்ற நூற்றாண்டின் ஓர் ஆங்கிலேய ரயில் எஞ்சின் கம்பெனி தோன்றிய விதம் பற்றியது. நூற்பாலை இயந்திரங்களைப் பழுதுபார்த்த ஒருவர் தனியாகத் தொடங்கினார் என்கிறது கம்பெனி வரலாறு. கூட ஒரு கொல்லனும் இருந்தான் என்பது என் வாதம். பேராசிரியர் ஆதாரம் கேட்டார். நியாயம்தான்.

அந்தக் கம்பெனியின் பழைய எஞ்சின் ஒன்று, சக்கரங்கள் கழற்றப்பட்டு, நீராவிக்காக, பெருமாநல்லூரில் பருத்திக் கொட்டை நீக்கும் ஜின்னிங் ஆலையில் நின்றது. பெயர்த் தகட்டில் இரண்டு பெயர்கள் இருக்கலாம். திங்களன்று உடைத்து உலைக்கு அனுப்புகிறார்கள்.

கோவையில் 6.40 பாசஞ்சர். திருப்பூரில் 8.10. பிறகு பஸ், பன்னிரண்டு கிலோமீட்டர், நாற்பது பைசா. பஞ்சு வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஒன்பதேகாலுக்கு இறங்கினேன்.

ஆலை ஃபிட்டர் காசிம் பாய் கொட்டகையைத் திறந்தார். தகடு மின்னியது. அதில் என் முகம் தெரிந்தது. எழுத்து ஒன்றுகூட இல்லை.

"ஆயுத பூசைக்கு ஆயுத பூசை புளியும் செங்கப்பொடியும் போட்டுத் தேச்சாங்க ராமாத்தா. எழுத்தையும் அழுக்குன்னு நெனச்சுட்டாங்க" என்றார்.

பஞ்சு பிரித்துக்கொண்டிருந்த ராமாத்தா எழுந்து வந்தார். "ஏனுங்க பாயி, படிச்சவரு நீங்க சொல்லியிருக்கலாமில்ல? பளபளன்னு இருக்குதுன்னு நீங்கதான மெச்சுனீங்க?"

பாய் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இரண்டு வருட வேலை.

"பித்தளைக்குத்தானுங்க புளி. இரும்புக்கு கிரீஸ்" என்றபடி ராமாத்தா, எஞ்சினின் நீண்ட தண்டு ஒன்றை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். சம்மட்டியால் பதித்த இரண்டு எழுத்துகள். ஒன்று கம்பெனி முதலாளி பெயரின் முதலெழுத்து. பக்கத்தில், கொல்லனுடையது.

தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எழுத்துகளைப் படியெடுத்தேன்.

"இதுல கொல்லரு எது கண்ணு? அவிங்களே அடிச்சதா?" ராமாத்தா கேட்டார். காட்டினேன். கட்டைவிரலால் கிரீஸை அதன்மேல் திரும்பப் பூசினார்.

"திங்கக்கெழம உலைக்குப் போவுதுங்க" என்றார் பாய்.

"அதுவரைக்கும் துருப் புடிக்கோணுமா?"

பழைய எஞ்சின்களைத் தேடிப் போகிறவர்கள் மண்ணெண்ணெய், கந்தல் துணி, மெல்லிய தாள் கொண்டுபோங்கள். பித்தளையை நம்பாதீர்கள். பெருமாநல்லூரிலிருந்து திரும்ப 12.30க்குப் பஸ் உண்டு. அதை விட்டால் மூன்று மணிவரை நிற்க வேண்டும்.

பேராசிரியர் இதை ஏற்பாரா, தெரியவில்லை. ரயிலில் என் குறிப்புகளைப் பிரித்தேன். எல்லாப் பக்கங்களிலும் முதலாளி ‘அவர்’, கொல்லன் ‘அவன்’. திருத்தத் தொடங்கினேன். கோவை வந்தபோது இன்னும் நான்கு பக்கங்கள் மிச்சமிருந்தன.